ராக் இசைத்தட்டு உறைகளில் திருமால் உருவங்கள்: திருவரங்க மரபுவழி ஒரு வாசிப்பு

ஆய்வுச் சுருக்கம்

ராக் இசைக்குழுவின் தோற்றத்தையும் இசைவகையையும் முதலில் அறிவிப்பது இசைத்தட்டின் உறையாகும். 1967, 1997 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த இரண்டு உறைகள் திருமால் உருவங்களைக் கையாண்ட முறையைத் திருவரங்க வழிபாட்டு மரபின் துணையுடன் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: இசைத்தட்டு உறை, ராக் இசை, விஸ்வரூபம், காளிங்க நர்த்தனம், திருவரங்கம்

முன்னுரை

இசைத்தட்டை வாங்குபவர் இசையைக் கேட்பதற்கு முன் உறையைக் காண்கிறார். குழுவினரின் உடை, எழுத்து வடிவம், வண்ணம், படம் ஆகியன இது எவ்வகை இசை, இவர்கள் எத்தகையோர் என்னும் வினாக்களுக்கு விடையளிக்கின்றன. 1967இல் பீட்டில்ஸ் குழு வெளியிட்ட 'சார்ஜென்ட் பெப்பர்ஸ் லோன்லி ஹார்ட்ஸ் கிளப் பேண்ட்' இதற்குத் தக்க சான்றாகும். அதன் உறையில் நால்வரும் வாத்திய அணியினரின் வண்ணச் சீருடையில், புகழ்பெற்றோர் பலரின் உருவங்களுக்கிடையே நின்றனர். பரமஹம்ச யோகானந்தர் உள்ளிட்ட இந்திய யோகியர் நால்வரும் அவர்களுள் அடங்குவர். காந்தியடிகளின் உருவமோ, இந்தியாவில் எதிர்ப்பு எழக்கூடும் என இ.எம்.ஐ. நிறுவனம் அஞ்சியதால் நீக்கப்பட்டது. இந்தியாவிலும் இவ்வுறையைக் காண்போர் உளர் என்னும் எண்ணம் அங்கே செயற்பட்டது. அடுத்து ஆராயப்படும் இரு உறைகளில் அவ்வெண்ணம் காணப்படவில்லை.

விஸ்வரூபமும் ஹெண்ட்ரிக்ஸ் குழுவும்

ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் எக்ஸ்பீரியன்ஸ் குழுவின் 'ஆக்ஸிஸ்: போல்ட் ஆஸ் லவ்' 1967 டிசம்பரில் இங்கிலாந்தில் வெளிவந்தது. பெருமளவில் அச்சிடப்பட்ட திருமால் படமொன்றின்மீது, கார்ல் ஃபெரிஸின் ஒளிப்படத்தைக் கொண்டு ரோஜர் லா வரைந்த மூவரின் முகங்கள் பொருத்தப்பட்டன. அத்திருவுருவம் 'விராட் புருஷன் - விஷ்ணுரூபம்' எனச் சுட்டப்படுகிறது. இப்பெயரில் உள்ள 'அன்', 'அம்' ஈறுகள் தென்னிந்திய வழக்கைக் காட்டுகின்றன.

அக்கால மேலை நாட்டு இளைஞருக்குப் பல தலைகளும் பல கைகளும் செறிந்த வண்ணங்களும் 'சைக்கடெலிக் ராக்' என்னும் இசைவகையின் அடையாளங்களாயின. கட்டற்று விரியும் மனநிலையை அவை குறித்தன. திருவரங்கத்தாருக்கு அதே உருவம் பகவத்கீதையின் பதினோராம் அத்தியாயம். அங்கே அருச்சுனன் அவ்வுருவைக் கண்டு அஞ்சி, பழைய இனிய வடிவைக் காட்டுமாறு வேண்டுகிறான். மேலும், திருவரங்கக் கோயிலில் விடியற்காலையில் பசுவும் யானையும் முன்னிற்கப் பெருமாளைக் காணும் முதற்காட்சிக்கே 'விஸ்வரூபம்' என்று பெயர். அச்சம் தரும் பேருருவைக் குறிக்கும் சொல் அங்கு அன்றாட அருட்காட்சியின் பெயராக வழங்குகிறது.

இவ்வுறை ஹெண்ட்ரிக்ஸுக்கும் நிறைவளிக்கவில்லை. தம் அமெரிக்கப் பழங்குடி மரபைக் காட்டும் படமே பொருத்தமாக இருந்திருக்கும் என அவர் கருதினார். எனவே, இசைவகையைத் தெளிவாக உணர்த்திய உறை, இசைக்கலைஞரின் அடையாளத்தை உணர்த்தத் தவறியது எனலாம். 2014இல் மலேசிய உள்துறை அமைச்சகம் இவ்வுறைப் படத்தைத் தடை செய்தது. தமிழர் பெருமளவில் வாழும் அந்நாட்டில், 47 ஆண்டுகளுக்குப் பின்னும் அது வழிபாட்டுப் படமாகவே காணப்பட்டது.

காளிங்க நர்த்தனமும் ஏரோஸ்மித் குழுவும்

ஏரோஸ்மித் குழுவின் 'நைன் லைவ்ஸ்' 1997 மார்ச்சில் வெளிவந்தது. பூனைக்கு ஒன்பது உயிர் என்னும் ஆங்கில வழக்கிலிருந்து பிறந்த தலைப்பு அது. பக்திவேதாந்த சுவாமி பிரபுபாதரின் நூலில் உள்ள ஓவியத்தைத் தழுவி, காளியன்மீது ஆடும் கண்ணனுக்குப் பூனைத் தலையும் பெண் மார்பும் உறையில் அமைக்கப்பட்டன. குறும்பும் துடுக்கும் கொண்ட 'ஹார்ட் ராக்' குழு என்னும் தோற்றத்தை இப்படம் வலுப்படுத்தியது. படத்தின் மூலம் குழுவினருக்குத் தெரிந்திருக்கவில்லை. இந்துக்களிடையே எதிர்ப்பு எழவே, இசை நிறுவனம் மன்னிப்புக் கோரியது. கத்தி எறியும் வித்தைச் சக்கரத்தில் கட்டப்பட்ட பூனையின் படம் அதற்கு மாற்றாக வந்தது.

காளியன்மீது ஆடிய கண்ணனைப் பெரியாழ்வார் பாடியுள்ளார். சோழர்காலச் செப்புத் திருமேனிகளும் இக்காட்சியைக் காட்டுகின்றன. ஒரு கால் படத்தின்மீது ஊன்ற, மறுகால் தூக்கியிருக்க, ஒரு கை பாம்பின் வாலைப் பற்றியிருக்கும். இவ்வமைதியை அறிந்தவர்க்குத் தலை மாறினாலும் உருவம் கண்ணனுடையதே. உடல் அடையாளம் மாறாதிருந்ததே தலைமாற்றத்தை இழிவாகக் காணச் செய்தது.

ஒப்பீடு

இரு உறைகளிலும் உடலமைதி கடன் பெறப்பட்டுள்ளது, முகம் மாற்றப்பட்டுள்ளது. முதலாவதில் இசைக்கலைஞர் தெய்வ வடிவினுள் நுழைகின்றனர்; இரண்டாவதில் தெய்வ வடிவம் விலங்காக்கப்படுகிறது. அளவும் கருதத்தக்கது. ஏறத்தாழ 30 செ.மீ. சதுர உறை பல முகங்களுக்கு இடம் தந்தது, 12 செ.மீ. அளவிலான குறுந்தகட்டு உறைக்கு ஒரே பார்வையில் பதியும் தனியுருவம் ஏற்றதாயிற்று.

படம் வைக்கப்படும் இடமும் பொருளை வரையறுக்கிறது. திருச்சிராப்பள்ளிக் கடைவீதிகளிலும் திருவரங்கக் கோயிலைச் சூழ்ந்த கடைகளிலும் வாங்கப்படும் பெருமாள் படம் பூசையறையை அடைகிறது. பழுதுற்ற பின்னும் அதனைக் குப்பையில் இடாமல் மரத்தடியிலோ ஆற்றிலோ சேர்ப்பது பலரின் வழக்கம். இசைத்தட்டின் உறையோ தரையிலும் கிடக்கும், விலைக்கும் கைமாறும்.

முடிவுரை

உருவத்தின் பெயரையும் கதையையும் அறியாதவரிடம் இவ்வுறைகள் இசைவகையை விரைவாக உணர்த்தின. அறிந்தவரிடம் அவ்வுருவே முந்திநின்று இசையைப் பின்தள்ளியது. ஆகவே உறையை ஆராய்வோர் குழு எதைக் காட்ட விரும்பியது என்பதோடு நில்லாமல், படத்தின் பிறப்பிடம், மாற்றப்பட்ட உறுப்பு, அதனைப் பேணுவோரின் வழக்கம் ஆகிய மூன்றையும் ஆராய வேண்டும். தமிழ்ப் பக்திப் பாடல் ஒலிநாடாக்களின் உறைகளை ஆராய்வதற்கும் இம்முறை பயன்படும்.