ஆலைக்கு வட்டிச் சலுகை; விவசாயிக்குக் காத்திருப்பு

புதுடெல்லி: வடமாலபேட்டை அடங்கிய திருப்பதி மாவட்டத்திலும் அண்டையிலுள்ள சித்தூரிலும் விளையும் தோத்தாபுரி (கிளிமூக்கு) மாம்பழம், கூழாகி வெளிநாடுகளுக்குச் செல்கிறது. ஆலைகள் பழம் வாங்குவது ஓரிரு மாதங்களில். கூழ் விற்பதோ ஆண்டு முழுவதும். இந்த இடைவெளியை நிரப்புவதே வங்கிகளின் ஏற்றுமதிக் கடன். அதன் வட்டிச் சுமையைக் குறைக்க 2015-ல் வந்த மத்திய அரசின் திட்டம் 2024 டிசம்பருடன் முடிவடைந்தது.

2025 கோடையில் கூழ் இருப்பு தேங்கியது. பழ விலை சரிந்தது. கிலோவுக்கு ஆலைகள் ரூ.8 தர வேண்டும், அரசு ரூ.4 தரும் என ஆந்திர அரசு அறிவித்தது. அந்த ஆண்டு நவம்பரில், ரூ.25,060 கோடியிலான ஏற்றுமதி மேம்பாட்டு இயக்கத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. வட்டிச் சலுகையும் அதில் இடம்பெற்றது.

ஆனால், பழத்தை இறக்கிவிட்டுப் பணத்துக்குக் காத்திருக்கும் விவசாயிக்கு அதில் பங்கில்லை. வட்டியின்றி ஆலைக்குக் கடன் கொடுப்பவர் அவரே.