இரண்டாவது ஆள் சொல்லும் விலை

1972-இல் ஹியூலெட்-பேக்கார்ட் நிறுவனம் 395 டாலருக்கு விற்ற எச்பி-35, சட்டைப் பையில் அடங்கிய முதல் அறிவியல் கால்குலேட்டர். இன்று இணைய ஏலத்தில் அதற்கு எது நியாய விலை? வாங்க நினைப்பவர்கள் முதலில் பார்ப்பது விற்பவர் போட்டிருக்கும் விலையை. அது அவருடைய ஆசை மட்டுமே. மாதக்கணக்கில் போணியாகாமல் கிடக்கும் பொருளுக்கும் ஒரு விலை ஒட்டியிருக்கத்தான் செய்யும். ஈபே தளத்தில் விற்று முடிந்தவற்றைத் தனியாகப் பார்க்க முடியும். தேட வேண்டியது அங்கேதான். அங்கும் ஒரே ஒரு விற்பனையை நம்பிவிடக் கூடாது. ஈபே ஏலத்தில் வென்றவர் தாம் குறித்த உச்சத் தொகையைக் கொடுப்பதில்லை, அடுத்து நின்றவரின் உச்சத் தொகைக்குச் சற்று மேலே கொடுக்கிறார். ஆகவே அந்த விலை, இரண்டாவது ஆள் எதுவரை வரத் தயாராக இருந்தார் என்பதன் அளவு. பிடிவாதக்காரர்கள் இருவர் மோதினால் எகிறும், ஒருவர் அன்று வராமல் போனால் சரியும். அதனால் ஐந்தாறு விற்பனைகளை வரிசைப்படுத்தி, இரு ஓரங்களையும் ஒதுக்கிவிட்டு, நடுவில் நிற்பதை எடுப்பதே முறை.

அரிய பொருளுக்கு அத்தனை விற்பனை ஏது என்று கேட்கலாம். கிடைக்கும் சிலவற்றையே வைத்துப் பார்க்க வேண்டியதுதான்; ஆனால் அரிது என்பதாலேயே விலை வந்துவிடுவதில்லை. புக்கன்வால்ட் வதைமுகாமில் கைதியாக இருந்தபோது குர்ட் ஹெர்ஸ்டார்க் வரைந்த வரைபடங்களிலிருந்து பிறந்தது குர்ட்டா என்ற கைச்சுழற்சிக் கணக்குப்பொறி. 1948 முதல் லீக்டன்ஸ்டைனில் சுமார் 1,40,000 தயாராயின. அது அபூர்வமே அல்ல, ஆனாலும் மதிப்பு குறையவில்லை. காரணம், இன்றும் அதை விரும்பும் இரண்டாவது ஆள் எப்போதும் இருக்கிறார். யாருக்கும் வேண்டாத பொருள் உலகில் ஒன்றே ஒன்று மிஞ்சினாலும் ஏலத்தில் போட்டி வராது.

ஒருவர் மனமொப்பி ஒரு விலையைக் கொடுத்த பிறகு அதில் என்ன அநியாயம் என்ற வாதமும் உண்டு. பொருளின் நிலை தெரிந்து கொடுத்திருந்தால் அது சரிதான். பழைய நிக்கல்-காட்மியம் பேட்டரி கசிந்து இணைப்பு முனைகளை அரித்திருக்கலாம். 1974-இல் வந்த எச்பி-65 கால்குலேட்டரில் காந்த அட்டையை இழுக்கும் ரப்பர் சக்கரம் நாளடைவில் பசையாகக் குழைந்துவிடும். படத்தில் இவை எதுவும் தெரியாது. ‘சோதித்துப் பார்க்கவில்லை’ என்று எழுதியிருந்தால், ஓடாத கருவிக்குரிய விலையையே மனத்தில் வைக்க வேண்டும். சில வேளை குறையே விலையைக் கூட்டும். தொடக்கத்தில் வந்த எச்பி-35-இல் 2.02-க்கு இயற்கை மடக்கை கண்டு, அந்த மடக்கையிலிருந்து எண்ணைத் திருப்பி எடுத்தால் 2.02-க்குப் பதில் 2 வரும். அந்தப் பிழையுள்ள கருவிகளைச் சேகரிப்பாளர்கள் தேடித் திரிகிறார்கள். 2.02-ஐ அழுத்துவதிலிருந்து திரையில் அந்த 2 வருவதுவரை காட்டும் காணொளியை விற்பவரிடம் கேட்டு வாங்கினால், கருவி ஓடுகிறதா, தொடக்கக் காலத்ததுதானா என்ற இரண்டுக்கும் பதில் கிடைத்துவிடும்.