டிவிக்குக் கீழே ஒரு கணினி

பிளேஸ்டேஷன் 5-இன் மூடியைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே இருப்பது ஒரு கணினிதான். ஏஎம்டி நிறுவனத்தின் எட்டு கோர் பிராஸசர், அதே சில்லில் அதே நிறுவனத்தின் கிராபிக்ஸ் பகுதி, 16 ஜிபி நினைவகம், ஓர் எஸ்எஸ்டி. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸுக்குள்ளும் இதே குடும்பம்தான். 2025 நவம்பரில் வால்வ் நிறுவனம் அறிவித்த ஸ்டீம் மெஷின் என்ற சின்னஞ்சிறு கனசதுரப் பெட்டிக்குள்ளும் ஏஎம்டியின் சில்லுகளே.

ஆக, சோபாவில் சாய்ந்து ஆடும் கன்சோலும் மேசையில் வைத்து ஆடும் கேமிங் பிசியும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். 2013-இல் பிளேஸ்டேஷன் 4 வந்தது முதலே நிலைமை இதுதான். ஆனாலும் கேமிங் பிசியால் வரவேற்பறையில் இடம்பிடிக்க முடியவில்லை. உறுப்புகள் ஒன்றாக இருந்தும் கன்சோல் மட்டும் பொத்தானை அழுத்தியதும் தடங்கலில்லாமல் ஓடுவது எப்படி? கேமை எழுதுகிறவருக்கு, அது ஓடப்போகும் இயந்திரத்தைப் பற்றி முன்கூட்டியே எவ்வளவு தெரியும் என்பதில்தான் பதில் இருக்கிறது.

முதலில் இந்தப் பெட்டிகள் செய்யும் வேலையின் அளவைப் பார்ப்போம். 4கே டிவியின் திரையில் சுமார் 83 லட்சம் படப்புள்ளிகள் உண்டு. கேம் வழுக்கிக்கொண்டு ஓட வேண்டுமானால் நொடிக்கு 60 படங்கள் திரைக்கு வர வேண்டும். ஒவ்வொரு படமும் ஒரு ஃப்ரேம். ஒரு ஃப்ரேமுக்குக் கிடைக்கும் நேரம் 16.7 மில்லி நொடி. நாம் ஒருமுறை இமைப்பதற்குள் ஐந்தாறு ஃப்ரேம்கள் வந்து போய்விடும். அந்தத் துளி நேரத்துக்குள் விரல் எந்தப் பொத்தானை அழுத்தியது, எதிரி எந்தப் பக்கம் ஓடினான், வெளிச்சம் எங்கிருந்து விழுகிறது என்று எல்லாவற்றையும் கணக்கிட்டு, 83 லட்சம் புள்ளிகளுக்கும் நிறம் தீட்டியாக வேண்டும். நொடிக்குச் சுமார் 50 கோடிப் புள்ளிகள்! (பல கேம்கள் படத்தைச் சற்றுச் சிறிதாக வரைந்து, பிறகு பெரிதாக்கிக் காட்டுகின்றன. அப்படியும் வேலை மலைக்க வைப்பதுதான்.) ஒரே ஒரு ஃப்ரேம் 50 மில்லி நொடி எடுத்துக்கொண்டால் போதும், கண் கண்டுபிடித்துவிடும். படம் ஒரு கணம் திக்கும். கேம் ஆடுகிறவர்கள் இதை ஸ்டட்டர் என்பார்கள்.

இந்தத் திக்கலைத் தவிர்க்கக் கன்சோல் செய்திருக்கும் ஏற்பாடுகள் அபாரமானவை. கேமிங் பிசியில் வழக்கமாக நினைவகம் இரண்டு இடங்களில் இருக்கும். பிராஸசருக்கு ஒன்று, கிராபிக்ஸ் கார்டுக்கு ஒன்று. ஒரு மரத்தின் படம் வேண்டுமென்றால் அதை முதல் இடத்திலிருந்து இரண்டாவதற்குப் பிரதியெடுத்து அனுப்ப வேண்டும். பிளேஸ்டேஷன் 5-இல் 16 ஜிபியும் ஒரே குளம். பிராஸசரும் கிராபிக்ஸ் பகுதியும் அதிலிருந்தே நொடிக்கு 448 ஜிபி வேகத்தில் அள்ளிக்கொள்கின்றன. பிரதியெடுக்கும் வேலையே கிடையாது.

எஸ்எஸ்டியின் கதை இதைவிட ருசியானது. பிளேஸ்டேஷன் 4-இல் இருந்தது சுழலும் தட்டுள்ள ஹார்ட் டிஸ்க். அதன் ஊசி அங்கும் இங்கும் ஓடித் தேடுவதில் நேரம் போகும். அதனால் மார்வெல்ஸ் ஸ்பைடர்மேன் கேமில் நியூயார்க் தெருவோரத்துத் தபால் பெட்டி போன்ற சில பொருள்களின் தரவை ஒரே டிஸ்கில் 400 தடவை வரை திரும்பத் திரும்ப எழுதி வைத்தார்கள். ஊசி எங்கே நின்றாலும் பக்கத்தில் ஒரு பிரதி கிடைக்க வேண்டும் என்பதற்காக! 2020 மார்ச்சில் பிளேஸ்டேஷன் 5-இன் வடிவமைப்பாளர் மார்க் செர்னி இதை விளக்கினார். புதிய எஸ்எஸ்டி நொடிக்கு 5.5 ஜிபி தரவைத் தரும். அது சுருக்கிக் கட்டப்பட்ட தரவு. கட்டைப் பிரிக்கும் வேலையைப் பிராஸசரிடம் விட்டால் ஒன்பது கோர்கள் தேவைப்படும், இருப்பதோ எட்டு. ஆகவே அந்த ஒரு வேலைக்கென்றே தனி மின்சுற்றைச் சில்லிலேயே பொறித்துவிட்டார்கள்.

ஆனால் கன்சோலின் மிகப் பெரிய அனுகூலம் ஷேடர் விஷயத்தில் இருக்கிறது. தண்ணீர் எப்படி மின்ன வேண்டும், தோல் எப்படி வெளிச்சத்தை உறிஞ்ச வேண்டும் என்று கிராபிக்ஸ் சில்லுக்குச் சொல்லும் குட்டி நிரல்தான் ஷேடர். பெரிய கேமில் இவை ஆயிரக்கணக்கில் இருக்கும். ஒவ்வொன்றையும் அந்தந்தச் சில்லின் மொழிக்கு மாற்றினால்தான் ஓடும். கன்சோலுக்கு எழுதுவது ஒரே ஆளின் அளவுக்குச் சட்டை தைத்துக் கையில் கொடுப்பது மாதிரி. கணினிக்கு எழுதுகிறவரோ துணியைக் கொடுத்து, அவரவர் வீட்டிலேயே அளவெடுத்துத் தைத்துக்கொள்ளச் சொல்ல வேண்டியிருக்கிறது. எவர் வீட்டில் எந்தக் கார்டு, அதை இயக்கும் எந்த டிரைவர் மென்பொருள் என்று அவருக்குத் தெரியாதே. தையல் வேலை கேம் ஓடிக்கொண்டிருக்கும்போது நடந்தால், புதிய கதவைத் திறக்கும் கணத்தில் படம் திக்கி நிற்கிறது. விலை உயர்ந்த கேமிங் பிசியும் இதற்குத் தப்புவதில்லை.

இதையெல்லாம் மீறிக் கணினியை டிவிக்குக் கீழே வைக்க வால்வ் முதலில் முயன்றது 2015 நவம்பரில். அப்போதும் பெயர் ஸ்டீம் மெஷின்தான். ஆனால் பெட்டியை வால்வ் செய்யவில்லை. பல நிறுவனங்கள் ஆளுக்கொரு வடிவில், ஆளுக்கொரு விலையில் செய்தன. ஏலியன்வேர் தயாரித்தது 449 டாலரில் தொடங்கியது. அப்போது பிளேஸ்டேஷன் 4-இன் விலை 349 டாலர். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் அடிப்படையிலான ஸ்டீம்ஓஎஸ் அதில் இருந்தது. வால்வ் நடத்தும் ஸ்டீம் என்ற இணையக் கடையில் இருந்த கேம்களில் பெரும்பாலானவை அதில் ஓடவே இல்லை. ஓடியவற்றிலும் பல, அதே பெட்டியில் விண்டோஸைப் போட்டு ஓட்டியதைவிட மெதுவாக ஓடின. 2018-இல் வால்வ் தன் கடையின் முகப்பிலிருந்து அந்தப் பெட்டிகளை எடுத்துவிட்டது. 1993-இல் 3டிஓ என்ற கன்சோலும் இப்படித்தான் பிற நிறுவனங்களின் கையில் தயாரிப்பை விட்டு, 699 டாலர் விலையில் வந்து விழுந்தது. வால்வ் அதிலிருந்து பாடம் படித்திருக்கலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அந்தத் தோல்விக்குப் பிறகு நடந்ததுதான் இந்தக் கதையின் ஆகச் சிறந்த பகுதி. 2018 ஆகஸ்டில் வால்வ் புரோட்டான் என்ற மென்பொருளை வெளியிட்டது. விண்டோஸுக்காக எழுதிய கேமை ஒரு வரிகூட மாற்றாமல் லினக்ஸில் ஓடவைக்கும் மென்பொருள் அது. இதன் அடித்தளம் 1993 முதல் ஆர்வலர்கள் கட்டி எழுப்பிய வைன் என்ற திட்டம்.

புரோட்டான் ஒரு போலிக் கணினியை உருவாக்குவதில்லை. அப்படிச் செய்தால் வேகம் படுத்துவிடும். கேமின் கணக்குகள் எல்லாம் பிராஸசரில் நேரடியாகவே ஓடுகின்றன, ஏனென்றால் விண்டோஸானாலும் லினக்ஸானாலும் சில்லு ஒன்றுதான். கேம் இயங்குதளத்திடம் ஏதாவது கேட்கும்போது மட்டும் புரோட்டான் குறுக்கே வருகிறது. ‘இந்தக் கோப்பைத் திற’ என்று விண்டோஸ் முறையில் கேம் கேட்டால், அதையே லினக்ஸ் முறையில் கேட்டு விடையைத் திருப்பித் தருகிறது. தான் பேசிக்கொண்டிருப்பது விண்டோஸுடன் அல்ல என்பது கேமுக்குத் தெரியவே தெரியாது.

கடினமான பகுதி படம் வரைவது. விண்டோஸ் கேம்கள் கிராபிக்ஸ் சில்லுடன் டைரக்ட்3டி என்ற மொழியில் பேசும். லினக்ஸில் அது கிடையாது. 2016-இல் வந்த வல்கன் என்ற பொதுமொழி உண்டு. ஒரு ஃப்ரேமை வரைய ஆயிரக்கணக்கான கட்டளைகள் தேவைப்படலாம். அத்தனையையும் 16.7 மில்லி நொடிக்குள், வரைவதற்கு நேரம் மிச்சம் வைத்து மொழிபெயர்க்க வேண்டும். இதைச் செய்துகாட்டிய டிஎக்ஸ்விகே என்ற மென்பொருளை எழுதத் தொடங்கியவர் பிலிப் ரெபோலே. நியர்: ஆட்டோமேட்டா என்ற கேமை லினக்ஸில் ஆட வேண்டும் என்ற ஆசைதான் அவரை உட்கார வைத்தது. பிறகு வால்வின் ஆதரவு கிடைத்தது. ஒருவர் தன் ஆசைக்கு ஆரம்பித்த வேலை இன்று ஆயிரக்கணக்கான கேம்களைத் தாங்குகிறது என்பதை நினைத்தால் மகிழ்ச்சியாக இருக்கிறது.

2022 பிப்ரவரியில் கையடக்கமான ஸ்டீம் டெக் வந்தது. இம்முறை பெட்டியையும் வால்வே செய்தது. எல்லா டெக்கிலும் ஒரே சில்லு, ஒரே டிரைவர். உடனே கன்சோலின் அனுகூலம் கணினிக்கும் கிடைத்துவிட்டது. அளவு தெரிந்துவிட்டதால் ஷேடர்களை முன்கூட்டியே மொழிமாற்றி, கேமோடு சேர்த்து இறக்கிவிட முடிந்தது. அதே மாதம் வெளியான எல்டன் ரிங் என்ற கேம், பெரிய கணினிகளில் திக்கித் திணறியது. வால்வின் பொறியாளர்கள் புரோட்டானில் சில திருத்தங்கள் செய்ததும் டெக்கில் அந்தத் திக்கல் பெருமளவு குறைந்தது. ஸ்டீம்ஓஎஸ்ஸும் வளர்ந்தது. 2025-இல் லெனோவோவின் லீஜியன் கோ எஸ் என்ற கையடக்கக் கருவியில் விண்டோஸ் 11-ஐயும் ஸ்டீம்ஓஎஸ்ஸையும் மாற்றி மாற்றிப் போட்டுச் சோதித்தபோது, பல கேம்கள் ஸ்டீம்ஓஎஸ்ஸில் கூடுதல் ஃப்ரேம்களைத் தந்தன. பத்தாண்டுக்கு முந்தைய முடிவு தலைகீழாகிவிட்டது.

இந்த அனுபவம் முழுவதும் புதிய ஸ்டீம் மெஷினில் திரண்டிருக்கிறது. பக்கத்துக்கு ஏறத்தாழ 16 சென்டிமீட்டர், எடை 2.6 கிலோ. பிராஸசருக்கு 30 வாட், கிராபிக்ஸுக்கு 110 வாட் என்று வரம்பு. இரண்டும் சேர்ந்தே இரண்டு சாதாரண மின்விசிறிகளின் செலவுதான். மின்வழங்கியும் பெட்டிக்குள்ளேயே இருப்பதால், வெளியே செங்கல் போன்ற அடாப்டர் தொங்காது. கையிலிருக்கும் கன்ட்ரோலரைத் தட்டினால் பெட்டி விழித்துக்கொண்டு டிவியையும் எழுப்பும். கணினியை வரவேற்பறைக்குக் கொண்டுவருவதில் பாதி வேலை இப்படிப்பட்ட சின்னச் சின்ன காரியங்கள்தான்.

இன்னும் தீராத தடைகள் உண்டு, அவற்றில் இரண்டுக்கு மின்னணுவியலோடு சம்பந்தமே இல்லை. 4கே திரையில் நொடிக்கு 120 ஃப்ரேம்களை முழுத் தரத்தில் அனுப்ப எச்டிஎம்ஐ 2.1 என்ற இணைப்புத் தரம் வேண்டும். அதை லினக்ஸின் திறந்த மூல டிரைவரில் சேர்க்க ஏஎம்டி முயன்றது. அந்தத் தரத்தைக் கட்டுப்படுத்தும் எச்டிஎம்ஐ ஃபோரம் 2024-இல் மறுத்துவிட்டது. அதனால் ஸ்டீம் மெஷினின் விவரப் பட்டியலில் எச்டிஎம்ஐ 2.0 என்றே இருக்கிறது. இரண்டாவது தடை, ஆன்லைன் கேம்களில் ஏமாற்றுகிறவர்களைப் பிடிக்கும் மென்பொருள். சில நிறுவனங்கள் அதை விண்டோஸின் கெர்னல் வரை, அதாவது இயங்குதளத்தின் கருப்பகுதி வரை, இறக்கி வைத்திருக்கின்றன. லினக்ஸில் அதற்கு இடமில்லை. எனவே ஃபோர்ட்நைட், வாலரண்ட் போன்றவை இப்போதைக்கு ஸ்டீம்ஓஎஸ்ஸில் நேரடியாக ஓடுவதில்லை. மூன்றாவதாக, கிராபிக்ஸுக்கான 8 ஜிபி நினைவகம் 4கேவுக்குப் போதாமல் திணறலாம்.

கடைசியாகப் பணக் கணக்கு. 2001-இல் வந்த முதல் எக்ஸ்பாக்ஸுக்குள் இருந்தது 733 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் 3. ஒவ்வொரு பெட்டியையும் மைக்ரோசாஃப்ட் நஷ்டத்தில் விற்றது. விற்கும் ஒவ்வொரு கேமிலும் பங்கு கிடைக்கும், பிற்பாடு சேர்ந்த ஆன்லைன் சந்தாவும் கிடைக்கும் என்பதால் அது கட்டுப்படியாகும். வால்வும் ஸ்டீமில் விற்கும் கேம்களில் பொதுவாக 30 சதவீதம் எடுத்துக்கொள்கிறது. ஆனால் ஸ்டீம் மெஷின் முழுமையான கணினி. மலிவாக விற்றால் ஒரு கேம்கூட வாங்காமல் அலுவலக வேலைக்கு வாங்கிப்போகிறவர்கள் வந்துவிடுவார்கள். ஆகவே விலை கணினிச் சந்தையை ஒட்டித்தான் இருக்கும் என்பதை வால்வ் மறைக்கவில்லை. கன்சோலின் விலைச் சாதகமும் பழையபடி இல்லை. 299 டாலருக்கு வந்த பிளேஸ்டேஷன் 2, 2009-இல் 99 டாலருக்கு இறங்கியது. பிளேஸ்டேஷன் 5-இன் விலையோ வந்து ஐந்தாவது ஆண்டில், 2025 ஆகஸ்டில், அமெரிக்காவில் 499-லிருந்து 549 டாலராக ஏறியது.

ஓட்டத்தில் கணினி இப்போது கன்சோலுக்குச் சமமாக நிற்கிறது, விலையில் மட்டும் இன்னும் நிற்கவில்லை. இதுதான் என் முடிவு. முதன்முதலாக ஒரு பெட்டி வாங்கி, புதிய கேம்களை டிவியில் மட்டும் ஆடப்போகிறவருக்குக் கன்சோலே போதும். உங்கள் ஸ்டீம் கணக்கில் ஏற்கெனவே நிறைய கேம்கள் இருந்தால் கணக்கு மாறும். பிளேஸ்டேஷன் 3-இன் வட்டு 5-இல் ஓடாது, ஆனால் 2004-இல் ஸ்டீமில் வாங்கிய ஹாஃப்-லைஃப் 2 கேம் இன்றும் ஓடுகிறது. ஆன்லைனில் ஆட ஸ்டீமில் சந்தாவும் இல்லை. வாங்கத் தீர்மானித்தால், உங்கள் வீட்டில் தினமும் ஆடும் ஆன்லைன் கேம் ஸ்டீம்ஓஎஸ்ஸில் ஓடுகிறதா என்பதை முதலில் பார்த்துவிடுங்கள்.