நம்பிச் சொன்னதைக் காப்பது யார்?



வீட்டில் தாங்க முடியாத கஷ்டம். தூக்கம் வரவில்லை, யாரைப் பார்த்தாலும் அழுகை வருகிறது. "ஆலோசகரிடம் போய் மனசு விட்டுப் பேசு" என்று சொன்னால், நம்மில் பலர் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: "நான் சொல்றது வெளியே போயிடாதா?"

நியாயமான கேள்வி. இந்தக் கேள்விக்குப் பதில் தேடுவதையே வேலையாகச் செய்பவர்கள் இருக்கிறார்கள். மனசைப் பற்றிய படிப்பான உளவியலும் படித்திருப்பார்கள், சட்டமும் படித்திருப்பார்கள். தங்கள் தொழிலில் இருப்பவர்கள் ஒழுங்காக நடக்கிறார்களா என்று பார்க்கும் பொறுப்பில் இருப்பார்கள். அந்த வேலை எப்படிப்பட்டது, அது நமக்கு எதற்கு என்று இந்த மாதம் பார்ப்போம்.

தொழில் நெறிமுறை என்றால் என்ன?

நம் குழுவுக்கு விதிமுறை இருக்கிறது. கூட்டத்துக்கு வர வேண்டும், சந்தா கட்ட வேண்டும், கணக்கு எல்லோருக்கும் தெரிய வேண்டும். அதே மாதிரி டாக்டர், வக்கீல், மனநல ஆலோசகர் எல்லோருக்கும் விதிமுறை உண்டு. அதைத்தான் தொழில் நெறிமுறை என்கிறோம்.

அமெரிக்காவில் உளவியலாளர்களின் பெரிய சங்கம் ஒன்று இருக்கிறது. அமெரிக்க உளவியல் சங்கம் என்று பெயர். 1953ல் அது தன் முதல் நெறிமுறையைப் புத்தகமாக வெளியிட்டது. நம்பிச் சொன்னதை வெளியே சொல்லக் கூடாது, படிக்காத வேலையைச் செய்யக் கூடாது, உதவி கேட்டு வந்தவரைத் தன் சுயநலத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்பதெல்லாம் இப்படிப்பட்ட நெறிமுறையில் வரும். இதைக் கவனிக்க அந்தச் சங்கத்தில் தனி அலுவலகமே உண்டு. அதன் தலைமையில் உளவியலும் சட்டமும் சேர்த்துப் படித்தவர்கள் இருந்திருக்கிறார்கள்.

ஏன் இரண்டு படிப்பு? மனசு மட்டும் தெரிந்தவருக்குக் கோர்ட் என்ன கேட்கும் என்று தெரியாது. சட்டம் மட்டும் தெரிந்தவருக்கு, பயந்து போன ஒரு பெண் ஏன் வாய் திறக்க மாட்டேன் என்கிறாள் என்று புரியாது.

ரகசியமா, உயிரா?

இது எவ்வளவு சிக்கலான வேலை என்று காட்ட ஒரு உண்மை வழக்கைச் சொல்கிறேன். 1969ல் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், பல்கலைக்கழக மாணவர் ஒருவர் தன் ஆலோசகரிடம், ஒரு பெண்ணைக் கொல்லப் போவதாகச் சொன்னார். ஆலோசகர் பல்கலைக்கழகப் போலீசுக்குத் தகவல் கொடுத்தார். அவர்கள் அந்த மாணவரைப் பிடித்து விசாரித்துவிட்டு விட்டுவிட்டார்கள். ஆனால் அந்தப் பெண்ணிடமோ அவள் பெற்றோரிடமோ யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த ஆண்டு அக்டோபரில் அவள் கொல்லப்பட்டாள்.

பெற்றோர் வழக்குப் போட்டார்கள். டாராசாஃப் வழக்கு என்று அதற்குப் பெயர். 1976ல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ரகசியம் காப்பது முக்கியம்தான். ஆனால் இன்னொருவர் உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால், அவரைக் காப்பாற்றத் தேவையானதைச் செய்வது ஆலோசகரின் கடமை என்றது.

எப்போது வாயை மூட வேண்டும், எப்போது திறக்க வேண்டும்? இதற்கு மனசும் தெரிய வேண்டும், சட்டமும் தெரிய வேண்டும் என்பது இப்போது புரிகிறதா?

காவல்காரரை யார் பார்ப்பது?

படித்தவர் கையில் பொறுப்பைக் கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? ஆகாது. அதற்கும் அதே சங்கத்தின் கதையே சாட்சி.

2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு, அமெரிக்க அரசு பிடித்து வைத்த கைதிகளைக் கொடுமையாக விசாரித்தது. அதில் உளவியலாளர்களும் வேலை செய்தார்கள். இது சரியா என்று பார்க்கச் சங்கம் 2005ல் ஒரு குழு போட்டது. அதில் ஓட்டுப் போடும் உறுப்பினர்களில் பெரும்பாலோர் ராணுவம், உளவுத்துறையோடு தொடர்பு உள்ளவர்கள். நெறிமுறைக்கு உட்பட்டு விசாரணையில் பங்கு எடுக்கலாம் என்று அந்தக் குழு சொன்னது. உறுப்பினர்கள் பலர் பல வருஷம் எதிர்த்துக் கேட்டார்கள். கடைசியில் வெளியிலிருந்து ஒரு வக்கீலை வைத்து விசாரித்தார்கள். 2015 ஜூலையில் அவர் அறிக்கை வந்தது. நெறிமுறை அலுவலகத் தலைவர் உட்படச் சங்கத்தின் அதிகாரிகள் சிலர், ராணுவ அமைச்சக அதிகாரிகளோடு கைகோத்துக்கொண்டு விதியைத் தளர்த்தி வைத்தார்கள் என்று அது சொன்னது. பெயர் அடிபட்டவர்கள் இதை மறுத்தார்கள், சிலர் வழக்கும் போட்டார்கள். அடுத்த மாதமே சங்கத்தின் பேரவை, நாட்டுப் பாதுகாப்பு விசாரணைகளில் உளவியலாளர்கள் கலந்துகொள்ளக் கூடாது என்று முடிவு செய்தது. ஆதரித்து 157 ஓட்டு, எதிர்த்து 1 ஓட்டு.

இதில் நமக்குத் தெரிந்த பாடம்தான் இருக்கிறது. குழுப் பணத்தைக் கையில் வைத்திருப்பவரே தணிக்கையும் செய்யலாமா? கூடாது அல்லவா? நெறிமுறையைப் பார்ப்பவரும் அப்படித்தான். யாரைக் கேள்வி கேட்க வேண்டுமோ, அவர்களுக்கு வேண்டியவராக அவர் இருக்கக் கூடாது.

நம் நாட்டில் சட்டம் என்ன சொல்கிறது?

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017ல் வந்தது, 2018 மே மாதம் அமலுக்கு வந்தது. மனநல சிகிச்சைக்குப் போகிறவரின் விவரத்தை ரகசியமாக வைக்க வேண்டும் என்பது இந்தச் சட்டத்தில் நமக்குள்ள உரிமை. சம்மதம் இல்லாமல் போட்டோவைக்கூடப் பத்திரிகைக்குக் கொடுக்கக் கூடாது. சில நேரங்களில் மட்டும் விலக்கு உண்டு. உயிருக்கு ஆபத்து, வேறொருவருக்குத் தீங்கு வரும் நிலை, கோர்ட் உத்தரவு போன்றவை அவை.

குழந்தைகள் விஷயம் வேறு. 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தால், 2012ம் ஆண்டு போக்சோ சட்டப்படி போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும். ஆலோசகர் மட்டுமல்ல, நீங்களும் நானும்தான். "மானம் போயிடும்" என்று மூடி மறைப்பது ரகசியம் காப்பது ஆகாது, அது குற்றம். அதே சமயம் அந்தப் பிள்ளையின் பெயர், ஊர், பள்ளி எதையும் ஊரில் பரப்பக் கூடாது.

உங்கள் மகள் இதைப் படிக்க விரும்பினால்

பிளஸ் டூ முடித்து உளவியலில் பட்டம் வாங்கலாம். அதன் பிறகு மூன்று வருஷச் சட்டப் படிப்பில் சேரலாம். இல்லையென்றால் பிளஸ் டூ முடிந்ததும் ஐந்து வருஷச் சட்டப் படிப்பில் சேர்ந்து, பிறகு உளவியலுக்கு வரலாம். மருத்துவ உளவியலாளராகச் சிகிச்சை கொடுக்க வேண்டும் என்றால், இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரித்த படிப்பை முடித்து அதில் பதிவு செய்ய வேண்டும். காலம் பிடிக்கும், செலவும் ஆகும். ஆனால் குடும்ப நீதிமன்றம், குழந்தைகள் பாதுகாப்பு, பெண்கள் உதவி மையம் என்று இந்த இரண்டும் தெரிந்தவர்களுக்கு வேலை இருக்கும் இடங்கள் பல.

ஆலோசனைக்குப் போகும்போது கேட்க வேண்டியவை

1. உங்கள் படிப்பு என்ன? எங்கே பதிவு செய்திருக்கிறீர்கள்?
2. நான் சொல்வதை எழுதி வைப்பீர்களா? அதை யார் பார்ப்பார்கள்?
3. எந்த நிலையில் வேறொருவரிடம் சொல்வீர்கள்?
4. உங்கள் மேல் புகார் இருந்தால் யாரிடம் சொல்வது?

கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று தயங்க வேண்டாம். நல்ல ஆலோசகர் சந்தோஷமாகப் பதில் சொல்வார்.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதைப் படித்துவிட்டு ஒன்று பேசுங்கள். நம்மிடமும் சகோதரிகள் நம்பிப் பல விஷயம் சொல்கிறார்கள். ஒருத்தி கண் கலங்கிச் சொன்னது மறுநாள் தண்ணீர்க் குழாயடியில் பேச்சாகிவிட்டால், அவள் இனி வாய் திறக்க மாட்டாள். "கூட்டத்தில் கேட்ட சொந்தக் கஷ்டம் கூட்டத்தை விட்டு வெளியே போகாது. உயிருக்கோ பிள்ளைக்கோ ஆபத்து என்றால் மட்டும் உடனே உதவி கேட்போம்" என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.

மனநல உதவிக்கு 14416, பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098. இந்த எண்களைக் குழுப் பதிவேட்டின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதி வையுங்கள்.