கிறித்தவ வழிபாட்டில் இசையும் பாட்டும்

திருகோணமலையினின்றும் வடக்கு நோக்கிப் புல்மோட்டை செல்லும் கடற்கரை வீதியில் நிலாவெளிக்கு அப்பால் உள்ளது குச்சவெளி. அங்கே பாறையொன்றில் வடமொழியிற் பொறித்த பழைய சாசனம் ஒன்று உண்டு. தாம் செய்த புண்ணியத்தின் பயனாகப் பிறவிதோறும் உலகத்தின் துயர் துடைக்கும் ஆற்றல் தமக்கு வாய்த்தல் வேண்டும் எனப் பௌத்த அடியார் ஒருவர் செய்த வேண்டுகை அது. இன்று அப்பகுதியிற் கோயில் மணியும் ஒலிக்கின்றது. பள்ளிவாசலின் பாங்கும் ஒலிக்கின்றது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் மேற்குக் கரையினின்றும் மீன்பிடிக்க வந்து இக்கரையோரம் வாடி அமைப்போருட் பலர் கத்தோலிக்கர். அவர்கள் தம் வலைகளோடு தம் செபங்களையும் பாடல்களையும் கொண்டு வருகின்றனர். இத்தகைய கரையில் வாழும் நாம், அயலார் இறைவனை எவ்வாறு பாடுகின்றனர் என்பதை அறியாதிருத்தல் அழகன்று.

எம்முட் பலர் பிறந்த நாள்முதல் தேவாரப் பண்ணிசையிலே தோய்ந்தவர்கள். திருஞானசம்பந்தர் பதிகம் பெற்ற தலத்தைத் தம் ஊராக உடையவர்கள். எனினும் கிறித்தவ நண்பர் இல்லத்துத் திருமணத்திற்கோ இறுதிக் கிரியைக்கோ செல்லுங்கால் எமது நிலை யாது? எல்லாரும் எழும்போது எழுகின்றோம். பாட்டு முடிந்ததும் அமர்கின்றோம். ஓர் ஆலயத்தில் ஓர்கன் முழங்குகின்றது. மற்றோர் ஆலயத்தில் மிருதங்கமும் தாளமும் ஒலிக்கின்றன. வேறொன்றிற் கைகொட்டிப் பாடுகின்றனர். ஒரே வேதத்தை ஓதுவோரிடையே இவ்வேறுபாடு ஏன் நேர்ந்தது என்று நாம் வினவுவதில்லை. அவ்வினாவிற்கு இயன்ற விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கிறித்தவருக்குப் பாட்டு யூதரிடமிருந்து வந்த முதுசொம். தாவீதின் பெயரால் வழங்கும் நூற்றைம்பது சங்கீதங்களே அவர்களின் முதற்பாட்டுநூல். இயேசுநாதர் தம் சீடரோடு இறுதி இராப்போசனம் அருந்தியபின் துதிப்பாட்டுப் பாடியே ஒலிவ மலைக்குச் சென்றார் என்று சுவிசேடம் கூறும். கி.பி. 112 ஆம் ஆண்டளவில் உரோமப் பேரரசின் ஆளுநராகிய பிளினி என்பார் தம் மன்னருக்கு வரைந்த கடிதத்தில், கிறித்தவர் வைகறையிற் கூடிக் கிறித்துவை ஒருவர்க்கொருவர் மாறிமாறிப் பாடுகின்றனர் என்று குறித்தார். எனவே ஆலயங்கள் எழுவதற்கு முன்னரே பாட்டு எழுந்துவிட்டது எனலாம். பிற்காலத்தே மேற்குத் திருச்சபை இலத்தீன் மொழியில் ஒற்றைக் குரலோட்டமாக, தாளக்கட்டின்றி, துணைக்கருவியும் வேண்டாது பாடும் முறையைப் போற்றி வளர்த்தது. கிரெகோரியன் கானம் என்பது அதன் பெயர். கிழக்குத் திருச்சபைகள் பலவற்றில் இன்றும் மனிதக் குரலே இசைக்கருவி. பிற கருவிகளுக்கு ஆங்கே இடமில்லை.

பதினாறாம் நூற்றாண்டிற் சமயச் சீர்திருத்தம் எழுந்தபோது, இசையும் வழக்கிற்கு உரிய பொருளாயிற்று. சீர்திருத்தத் தலைவர் மூவரும் மூன்று விடை கூறினர். மார்ட்டின் லூதர், இசை இறைவன் தந்த கொடை என்றார். பாடகர் குழு மாத்திரமன்றிச் சபையார் அனைவரும் தம் தாய்மொழியிற் பாடல் வேண்டும் எனக் கருதித் தாமே பாடல் இயற்றி 1524 இற் பாட்டுநூல்கள் வெளிவரச் செய்தார். ஜெனீவாவிலே கல்வின் வேதாகமச் சங்கீதங்களையே செய்யுளாக்கிப் பாடுக என்று வரையறுத்தார். சூரிச் நகரத்துச் சுவிங்கிலியோ தாமே இசையில் வல்லவராயிருந்தும் ஆலயத்தில் ஓர்கனையும் பாட்டையும் ஒருங்கே நிறுத்திவிட்டார். இசையின்பம் பத்தியை வளர்க்குமா, அன்றி அதன் இடத்தைத் தானே பற்றிக்கொள்ளுமா என்பதே மூவர்க்கும் இடையிலான வழக்கு. இவ்வழக்கு எமக்கும் புதிதன்று. கோயிற் கச்சேரியில் இராக ஆலாபனையைச் சுவைக்கும் செவி, பாட்டின் பொருளைக் கேட்கின்றதா என்று எம் பெரியோரும் வினவியதுண்டு.

பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்திலே மெதடிஸ்த இயக்கம் பாட்டினாலேயே பரவியது எனின் மிகையாகாது. சார்ள்ஸ் வெஸ்லி ஆறாயிரத்துக்கு மேற்பட்ட ஞானப்பாடல்களை இயற்றினார். அவர் தமையனார் ஜோன் வெஸ்லி 1761 இற் பாடுவோர்க்கு விதிகள் வகுத்து, யாவரும் பாடுக, உரத்த குரலெடுத்துப் பாடுக, ஆயினும் பிறர் குரலை அமுக்காது பாடுக என்று அறிவுறுத்தினார். அம்மெதடிஸ்தரே 1814 இல் இலங்கைக்கு வந்து, திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் ஆலயங்களும் பாடசாலைகளும் நிறுவினர். பின்னர் வந்த இரட்சணிய சேனையார் பறையும் பித்தளை வாத்தியமும் கொண்டு தெருவிற் பாடினர். 1924 இல் இலங்கையிலே தொடங்கிய பெந்தெகொஸ்தே சபை, கைகொட்டிப் பாடுதலை வழிபாட்டின் உயிராகக் கொண்டது.

இனித் தமிழ்நாட்டு வரலாற்றைக் காண்போம். 1706 இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயர் ஜெர்மானிய ஞானப்பாட்டுகளைத் தமிழாக்கும் பணியைத் தொடங்கினார். பின்வந்த பப்பிரிசியுஸ் ஐயர் அப்பணியை விரிவாகச் செய்தார். இங்கே ஓர் இடர்ப்பாடு உண்டு. ஜெர்மானிய மெட்டு அசையழுத்தத்தைப் பற்றி நடப்பது. தமிழ்ச் செய்யுளோ குறிலும் நெடிலும் அளந்து நடப்பது. மெட்டு நீளுமிடத்திற் குறில் வந்து நின்றால் அதனை நெடிலாக்கிப் பாட நேரும். அப்போது கல் காலாகும், பொருளும் வேறாகிவிடும். அன்றியும் மேனாட்டு மெட்டுக்கு ஒவ்வோர் அடியிலும் அசைக்கணக்கு மாறாது நிற்றல் வேண்டும். அக்கணக்கிற்காகச் சொற்கள் நெருக்குண்ணும். இவ்விடர்களைக் கடந்தும் அப்பாமாலைகள் பல தலைமுறையாகத் தமிழ்க் கிறித்தவர் நாவில் நிலைபெற்றமைக்கு அவற்றின் பத்திச்சுவையே காரணம்.

தமிழிசை ஆலயத்துள் முழு உரிமையோடு புகுந்தமை தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரால் (1774–1864) ஆகும். அவர் திருநெல்வேலியிற் பிறந்தவர். சுவார்ச்சு ஐயரின் மாணவர். பின்னாளில் தஞ்சை மன்னரான சரபோசியும் அவ்வையரிடமே பயின்றவர். குறவஞ்சி என்னும் எம் சிற்றிலக்கிய வகையைக் கொண்டு அவர் பெத்லகேம் குறவஞ்சி பாடினார். பல்லவி, அனுபல்லவி, சரணம் என்னும் அமைப்புடைய கீர்த்தனைகளை ஏராளமாக இயற்றினார். மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த எட்வர்டு வெப் ஐயர் 1853 இல் வெளியிட்ட கீர்த்தனைத் தொகுப்பின் வாயிலாக அவை சபைதோறும் பரவின. இவ்வமைப்பின் பயன் யாது? சரணத்தை முன்னிற்பவர் பாட, பல்லவியைச் சபையார் ஏற்றுப் பாடுவர். எழுத்தறியாதவரும் ஒருமுறை கேட்ட அளவில் அதிற் கலந்துகொள்வர். எம் கடற்கரையிலே கரைவலை இழுப்போர் பாடும் அம்பாவிலும் ஒருவர் எடுத்துக் கொடுக்க ஏனையோர் ஏற்றுப் பாடுகின்றனர் அன்றோ? தமிழரின் கூட்டுப்பாட்டு இயல்பு அது. ஆகவேதான் கீர்த்தனை அந்நியமாகத் தோன்றவில்லை.

எனினும் வரலாற்றை ஒருபுறம் மாத்திரம் நோக்குதல் நேர்மையன்று. பின்வந்த மிஷனரிமார் தமிழிசையைத் தடுத்தபோது சாஸ்திரியார் அதனை எதிர்த்து வழக்காடினார். அதே மூச்சில் ஆலயத்திற் சாதி வேறுபாட்டை ஒழித்தலையும் எதிர்த்தார். இசையுரிமையும் சாதியபிமானமும் ஒரே குரலில் ஒலித்தமை வருந்தத்தக்கது. இதற்கு விடைபோலப் பிற்காலத்தே தோன்றியவர் மதுரை அரசரடித் தமிழ்நாடு இறையியற் கல்லூரியில் ஆசிரியராயிருந்த தியோபிலஸ் அப்பாவு (1940–2005). மேனாட்டு மெட்டு மாத்திரமன்றிக் கர்நாடக இசையும் மேட்டுக்குடியினரின் உடைமையாய் நிற்கின்றது என்று அவர் வாதித்தார். இழிந்ததெனத் தள்ளப்பட்ட பறையையும் உழைப்போரின் நாட்டார் மெட்டுகளையும் வழிபாட்டினுட் கொணர்ந்தார். எக்கருவி கோயிலினுட் புகலாம் என்னும் வினா, எம்மனிதர் புகலாம் என்னும் வினாவோடு பிணைந்தது என்பதை அவர் காட்டினார். இவ்வினா கிறித்தவருக்கு மாத்திரம் உரியதன்று. எம் கோயில்களையும் எம் மனச்சான்றையும் நோக்கி எழுவதாகும்.

கத்தோலிக்கர் வழி சற்று வேறு. வீரமாமுனிவர் தேம்பாவணி பாடினார். கோவாவினின்றும் இலங்கைக்கு வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் (1676–1742), ஒல்லாந்தர் ஆட்சியிற் கத்தோலிக்கம் ஒடுக்கப்பட்ட காலத்திலே, தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் இயற்றினார். ஆயினும் பூசையின் மொழி இலத்தீனாகவே நீடித்தது. 1903 இற் பத்தாம் பத்திநாதர் விடுத்த ஆணை கிரெகோரியன் கானத்தை உயர்த்தி, பியானோவையும் பறை முதலியவற்றையும் ஆலயத்தினின்று விலக்கியது. மக்களின் பாட்டு பெரும்பாலும் சுற்றுப்பிரகாரத்திலும் தபசுகாலப் புலம்பலிலும் கூத்திலும் வாழ்ந்தது. 1963 இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், அவ்வந்நாட்டு மக்களின் இசைமரபிற்கு உரிய மதிப்பளித்தல் வேண்டும் என விதித்த பின்னரே, பூசையிலும் தமிழ்மொழியும் தமிழிசையும் முழுமையாக இடம்பெற்றன.

இசைக்கருவிகளின் பயணம் இன்னும் வியப்புடையது. எம் பஜனை மடங்களில் ஒலிக்கும் ஆர்மோனியம் 1840களிற் பாரிசிலே உருவாகி ஐரோப்பியரோடு இந்தியா வந்த கருவி. அதன் கட்டைகள் நிலைத்த சுருதி உடையன. கமகத்தின் அசைவு அதில் எழாது. அக்குறை கருதியே அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை அதனை விலக்கி வைத்திருந்தது. வயலினை மேனாட்டாரிடம் கற்று எம் இசைக்கு உரியதாக்கியவர் முத்துசுவாமி தீட்சிதரின் இளவல் பாலுசுவாமி தீட்சிதர். கர்நாடக இசை மேடையில் அதனை அந்நியக் கருவி என்று இன்று எவர் கூறுவார்?

கோணேசர் கோயிலைப் போர்த்துக்கேயர் இடித்த கதையை அறிந்த ஊரினர் நாம். அதனை மறத்தல் இயலாது, மறத்தலும் வேண்டா. ஆயினும் அப்பழியை அயல்வீட்டுப் பாட்டின்மேல் ஏற்றுதல் தகாது. 2004 டிசெம்பர் 26 ஆந் தேதி, நத்தாருக்கு மறுநாளாகிய ஞாயிறு காலையில், குச்சவெளி முதலாக எம் கரை முழுவதையும் தாக்கிய கடற்கோள் எவர் எச்சமயத்தார் என்று வினவவில்லை. 2019 ஏப்பிரல் 21 ஆந் தேதி உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடையிலும் நீர்கொழும்பிலும் மட்டக்களப்பிலும் வழிபாட்டிற் கூடியிருந்தோர் குண்டுவெடிப்பிற் கொல்லப்பட்டனர். அத்துயரில் எம் கிறித்தவ நண்பர்க்கு அருகில் நின்றபோது, அவர்தம் பாட்டின் பொருளைச் சிறிதேனும் அறிந்திருத்தல் எத்துணை ஆறுதல் தரும் என்பதை உணர்ந்தோம்.

பழந்தமிழிசையை ஆராய்ந்து 1917 இற் கருணாமிர்த சாகரம் வெளியிட்ட ஆபிரகாம் பண்டிதர் கிறித்தவர். முப்பது ஆண்டுகளின் பின் 1947 இல் யாழ் நூல் அரங்கேற்றிய சுவாமி விபுலானந்தர் இராமகிருஷ்ண சங்கத்துத் துறவி. மட்டக்களப்பிலே கத்தோலிக்கக் கல்லூரியிற் பயின்றவர். இருவரும் சிலப்பதிகாரத்தின் இசைக்குறிப்புகளையே துருவி ஆராய்ந்தனர். கத்தோலிக்கரான மாயூரம் வேதநாயகம் பிள்ளை இயற்றிய சர்வசமய சமரசக் கீர்த்தனைகள் எச்சமயத்தாரும் பாடுதற்கு இசைந்தவை. வழிபடும் வாயில்கள் பலவாயினும் தமிழிசை என்னும் முற்றம் ஒன்றே. விழாக் கொண்டாடும் இவ்வேளையில் எம் கல்லூரியின் பழைய மாணவர்க்கு நாம் விடுக்கும் வேண்டுகோள் இதுவே: அடுத்த முறை நண்பர் ஆலயத்தில் எழுந்து நிற்கும்போது, கையிலே தரப்படும் பாட்டுப் புத்தகத்தை மூடி வையாது திறந்து பாருங்கள்.