ஆய்விதழின் எழுதப்படாத விதிகள்

2025 பிப்ரவரியில் பல்கலைக்கழக மானியக் குழு, தான் பேணிவந்த ‘கேர்’ ஆய்விதழ்ப் பட்டியலைக் கைவிட்டது. எந்த ஆய்விதழ் தரமானது என்பதை இனி உயர்கல்வி நிறுவனங்களே முடிவு செய்துகொள்ளலாம் என்றும், அதற்கு உதவும் அளவுகோல்களை மட்டும் தான் பரிந்துரைப்பதாகவும் அது அறிவித்தது. அதற்கு முன்னரே, 2022ஆம் ஆண்டின் முனைவர் பட்ட ஒழுங்குமுறைகள், ஆய்வேட்டைச் சமர்ப்பிக்குமுன் ஆய்விதழில் கட்டுரை வெளியிட்டிருக்க வேண்டும் என்ற கட்டாயத்தை நீக்கியிருந்தன. மேலோட்டமாகப் பார்த்தால் இவ்விரண்டும் மாணவரின் சுமையைக் குறைப்பவை. ஆனால் உதவிப் பேராசிரியர் பணி, முதுமுனைவர் ஆய்வு, வெளிநாட்டு உதவித்தொகை என அடுத்த படிகள் அனைத்திலும் வெளியீடுகள் எண்ணப்படுகின்றன. கட்டாயம் போய்விட்டது, தேவை போகவில்லை. பட்டியலும் இல்லாத நிலையில், நல்ல ஆய்விதழையும் போலியையும் பிரித்தறியும் பொறுப்பு மாணவரின் தலையில் விழுந்திருக்கிறது.

ஆய்வு மாணவர்க்கு ‘ஆய்வு மற்றும் வெளியீட்டு அறம்’ என்றொரு பாடம் உண்டு. இருந்தும், ஒரு கட்டுரையை எந்த ஆய்விதழுக்கு அனுப்புவது, பதிப்பாசிரியருக்கு எவ்வாறு எழுதுவது, மறுப்பு வந்தால் என்ன செய்வது என்பவற்றைப் பெரும்பாலோர் வகுப்பறையில் கற்பதில்லை. ஆய்வகத்தின் தேநீர் நேரத்தில், நெறியாளரின் அறையில், மூத்த மாணவரின் பேச்சில் அவ்வறிவு கைமாறுகிறது. குடும்பத்தில் பேராசிரியர் இருப்போருக்கு அது வீட்டிலேயே கிடைத்துவிடுகிறது. முதல் தலைமுறைப் பட்டதாரியாக வரும் தலித் மாணவர் இந்த வட்டங்களுக்கு வெளியே நிறுத்தப்படும்போது அவர் இழப்பது நட்பை மட்டுமன்று. தொழிலின் நடைமுறை அறிவையும் சேர்த்தே இழக்கிறார். அந்த நடைமுறை கடினமானதன்று; பகிரப்படாமல் வைக்கப்பட்டிருப்பது, அவ்வளவே. ஆகவே அதைப் படிப்படியாக எழுதி வைப்பது அவசியமாகிறது.

ஒரு கட்டுரை, ஒரு கேள்வி

ஆய்வேட்டின் இயல் ஒன்றை அப்படியே வெட்டி அனுப்பினால் அது ஆய்விதழ்க் கட்டுரை ஆகிவிடாது. ஆய்வேடு ஆய்வாளரின் பரந்த பயிற்சியைக் காட்டுவது. ஆய்விதழ்க் கட்டுரையோ ஒரு கேள்வியைக் கேட்டு, ஒரு விடையைச் சான்றுடன் நிறுவுவது. அண்ணல் அம்பேத்கர் 1916 மே 9 அன்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில், கோல்டன்வைசரின் மானுடவியல் கருத்தரங்கில் வாசித்த ‘இந்தியாவில் சாதிகள்’ கட்டுரை, அடுத்த ஆண்டு மே மாதம் ‘இந்தியன் ஆன்டிகுவரி’ ஆய்விதழில் வெளிவந்தது. சாதி எவ்வாறு இயங்குகிறது என்று கேட்டு, அகமணமே அதன் அச்சு என்று நிறுவுகிறது அக்கட்டுரை. கருத்தரங்கில் வாசித்ததை ஆய்விதழுக்குக் கொண்டு செல்லும் வழி இன்றும் அதுவே.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். தருமபுரி மாவட்டத்தின் நிலத்தடி நீரில் ஃபுளூரைடு மிகுந்திருப்பது நெடுங்காலமாக அறியப்பட்டது. வேதியியல் மாணவர் ஒருவர், அங்கு சில கிராமங்களில் ஊர்ப் பகுதிக் குடிநீர் ஆதாரங்களையும் தலித் குடியிருப்பின் ஆதாரங்களையும் ஒப்பிட்டு அளவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அறிவியல் கட்டுரையின் வழக்கமான நான்கு பகுதிகளான முன்னுரை, முறையியல், முடிவுகள், விவாதம் ஆகியவற்றில் ஒவ்வொன்றுக்கும் தனி வேலை உண்டு.

முறையியல் பகுதி, எத்தனை மாதிரிகள், எந்த மாதத்தில், எவ்வளவு ஆழத்திலிருந்து, எந்தக் கருவியால் அளவிடப்பட்டன என்பதை இன்னொருவர் அதே வேலையைத் திரும்பச் செய்யும் அளவுக்குச் சொல்ல வேண்டும். முடிவுகள் பகுதியில் எண்கள் மட்டுமே பேச வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவான லிட்டருக்கு 1.5 மில்லிகிராமை எத்தனை மாதிரிகள் தாண்டின என்பது அங்கே வரும். ஏன் அவ்வாறு அமைந்தது, குழாய் எங்கே நின்றுபோனது, ஆழ்துளைக் கிணறு யார் தெருவில் தோண்டப்பட்டது என்பவை விவாதப் பகுதிக்கு உரியவை. அங்கும் தரவு தாங்கும் அளவுக்கே முடிவுரைக்க வேண்டும். பத்துக் கிராமங்களில் அளந்துவிட்டு மாநிலம் முழுவதற்கும் தீர்ப்பு எழுதினால், அந்த ஒரு வாக்கியத்தைக் காட்டியே முழுக் கட்டுரையையும் தள்ளிவிடுவார்கள். களத்தில் எழுந்த கோபம் நியாயமானது. மறுக்க முடியாத அட்டவணையாக மாறும்போதே அது அதிகாரிகளின் மேசையில் நிற்கும்.

எழுதும் வரிசையும் வாசிக்கும் வரிசையும் வேறு. முதலில் அட்டவணைகளையும் படங்களையும் முடித்துக்கொள்வது நல்லது. அடுத்து முறையியல், முடிவுகள், விவாதம், பின்னர் முன்னுரை, கடைசியாக ஆய்வுச் சுருக்கமும் தலைப்பும். மக்களிடம் நேர்காணல் செய்தாலோ உடல்நலத் தரவு திரட்டினாலோ, களத்துக்குச் செல்லுமுன்பே நிறுவன அறநெறிக் குழுவின் ஒப்புதலைப் பெற்றாக வேண்டும். பின்னர் பெற முடியாது. முந்தைய ஆய்வுகளை வாசிக்க, அரசு உயர்கல்வி நிறுவனங்களில் பயில்வோர் 2025 ஜனவரியில் தொடங்கிய ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தைப் பயன்படுத்தலாம். 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள் அதில் அடங்கும்.

போலியைப் பிரித்தறிதல்

தேர்ந்தெடுத்த ஆய்விதழின் அண்மை இதழ்கள் சிலவற்றைப் புரட்டிப் பார்ப்பதே முதல் சோதனை. நம் கட்டுரைக்கு உறவான கட்டுரைகள் அங்கே உள்ளனவா? நாம் மேற்கோள் காட்டும் நூல்களும் கட்டுரைகளும் அவர்களின் பட்டியல்களிலும் வருகின்றனவா? இல்லையெனில் அது நமக்குரிய இடமன்று.

அடுத்தது நம்பகம். எட்டு இலக்க ஐ.எஸ்.எஸ்.என். எண் தரத்துக்குச் சான்றாகாது. பதிவு செய்யும் எந்த இதழுக்கும் அது கிடைக்கும். ஒரு வாரத்தில் வெளியிடுவோம் என்ற உறுதிமொழி, இயற்பியல் முதல் இலக்கியம் வரை எதையும் ஏற்கும் பரப்பு, ஏற்பு அறிவித்த பின்னர் திடீரெனக் கேட்கப்படும் கட்டணம், தம் பெயர் இடம்பெற்றிருப்பதையே அறியாத ஆசிரியர் குழு உறுப்பினர்கள் ஆகியவை எச்சரிக்கை மணிகள். ஸ்கோபஸில் உள்ளோம் என்று இதழ் சொன்னால், அதன் பக்கத்தில் இருக்கும் முத்திரையை நம்பாமல் ஸ்கோபஸின் சொந்தப் பட்டியலிலேயே தேட வேண்டும். புகழ்பெற்ற இதழின் பெயரையும் எண்ணையும் களவாடி நடத்தப்படும் போலிகளும் உண்டு. திறந்த அணுக்க இதழ்களுக்கு டி.ஓ.ஏ.ஜே. என்ற பன்னாட்டுக் கோவையைப் பார்க்கலாம். அரசின் பட்டியல் இருந்த காலத்திலும் ஆபத்து நீங்கியிருக்கவில்லை. 2018 மே மாதம் மானியக் குழு தன் பட்டியலிலிருந்தே 4,305 ஆய்விதழ்களை ஒரேயடியாக நீக்கியது. அவற்றில் பணம் கட்டி வெளியிட்டவர்களுக்கு அப்பணம் திரும்பவில்லை என்பதோடு, அக்கட்டுரைகளின் மதிப்பும் கேள்விக்குள்ளானது.

யார் கட்டுவது?

மேக்நாத் சாகா டாக்கா அருகே ஒரு சிற்றூரில் சிறு கடைக்காரரின் மகனாகப் பிறந்தவர். சாதிப் படிநிலையில் தாழ்த்தி வைக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்தவர் என்பதால், கல்கத்தா மாணவர் விடுதியில் உடனுண்ண மறுக்கப்பட்டவர். அவர் 1917இல் கதிர்வீச்சு அழுத்தம் பற்றிய நீண்ட கட்டுரையொன்றை அமெரிக்காவின் ‘அஸ்ட்ரோபிசிக்கல் ஜர்னல்’ இதழுக்கு அனுப்பினார். கட்டுரை நீளமானது, அச்சுச் செலவில் ஒரு பகுதியை ஏற்றால் வெளியிடலாம் என்று பதில் வந்தது. கேட்ட தொகை நூற்றுக்கணக்கான டாலர். குறைந்த சம்பளத்தில் பெற்றோரையும் தம்பியின் படிப்பையும் தாங்கிய இளம் ஆசிரியரால் அதைக் கட்ட முடியவில்லை. சுருக்கமான குறிப்பே 1919இல் அவ்விதழில் வந்தது. முழுக் கட்டுரை கல்கத்தாப் பல்கலைக்கழக இதழில், உலகின் கண்ணுக்கு எட்டாமல் கிடந்தது.

நூறாண்டுக்குப் பின்னும் கணக்கு மாறவில்லை. ‘நேச்சர்’ இதழ் திறந்த அணுக்க வெளியீட்டை 2021இல் தொடங்கியபோது நிர்ணயித்த கட்டணம் 9,500 யூரோ, அதாவது எட்டு இலட்சம் ரூபாய்க்கு மேல். மாதம் 37,000 ரூபாய் இளநிலை ஆய்வு உதவித்தொகை பெறும் மாணவரின் ஏறத்தாழ இரண்டாண்டு வருமானம் அது. ஏழை நாடுகளுக்குக் கட்டண விலக்கு தரும் பதிப்பகங்கள் உண்டு. அவற்றில் சில நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பையும் கணக்கில் கொள்வதால், பெரிய பொருளாதாரமான இந்தியா அப்பட்டியலில் வருவதில்லை. அந்தக் கணக்கில் மாணவரின் வீட்டு வருமானத்துக்கு இடமில்லை.

ஆயினும் வழியுண்டு. பல புகழ்பெற்ற ஆய்விதழ்கள் கலப்பு முறையில் இயங்குகின்றன. வாசகர் சந்தா செலுத்தும் வழியைத் தேர்ந்தால் எழுதியவர் ஒரு ரூபாயும் கட்ட வேண்டியதில்லை. இணையப் படிவத்தில் திறந்த அணுக்கம் வேண்டுமா என்று கேட்கும் ஒற்றைப் பெட்டியில் இத்தேர்வு அடங்கியிருக்கிறது. அதை அறியாமல் கட்டணத்தைக் கண்டு பின்வாங்குவோர் பலர். நிறுவனமோ அறிவியல் கழகமோ செலவை ஏற்பதால், இரு தரப்பிடமும் கட்டணம் கேட்காத திறந்த அணுக்க இதழ்களும் பல துறைகளில் உள்ளன. சாதி, சமூக விலக்கம் குறித்த ஆய்வுகளுக்கு ‘எகனாமிக் அண்டு பொலிட்டிக்கல் வீக்லி’யும், பிராண்டைஸ் பல்கலைக்கழகத்திலிருந்து 2020 முதல் வெளிவரும் ‘காஸ்ட்’ ஆய்விதழும் குறிப்பிடத்தக்கவை.

பெயரும் வரிசையும்

களத்தில் மாதிரி எடுத்தவரின் பெயர் நன்றியுரையிலும், ஆய்வகத்தின் வாசலை மட்டும் மிதித்தவரின் பெயர் முதல் வரியிலும் வருவது நம் கல்வி நிறுவனங்களில் அரிதன்று. இதற்கு எதிராக எழுதப்பட்ட விதிகள் உள்ளன. பன்னாட்டு மருத்துவ ஆய்விதழ்ப் பதிப்பாசிரியர் குழுவின் வரையறைப்படி, ஆசிரியர் என்பதற்கு நான்கு தகுதிகள் வேண்டும்: ஆய்வின் கருத்தாக்கத்திலோ தரவிலோ கணிசமான பங்கு, கட்டுரையை எழுதுதல் அல்லது ஆழ்ந்து திருத்துதல், இறுதிப் படிக்கு ஒப்புதல், முழு ஆய்வுக்கும் பொறுப்பேற்றல். நான்கும் ஒருங்கே வேண்டும். துறைத்தலைவர் என்பதாலோ நிதி பெற்றுத் தந்ததாலோ மட்டும் ஒருவர் ஆசிரியராகிவிட முடியாது. பல ஆய்விதழ்கள் இன்று ‘கிரெடிட்’ எனும் 14 பங்களிப்பு வகைகளின்படி யார் எதைச் செய்தார் என்பதை வெளிப்படையாகக் கேட்கின்றன.

நெறியாளரிடம் பெயர் வரிசை குறித்துப் பேசுவது எளிதன்று. மதிப்பெண்ணும் கையொப்பமும் அவரிடம் உள்ளன. எனவே ஆய்வு தொடங்கும்போதே பணிப் பகிர்வைப் பேசி, பேசியதை மின்னஞ்சலில் பணிவாக உறுதிப்படுத்திக்கொள்வது நல்லது. தேதியிட்ட களக்குறிப்பேடும், கட்டுரை வரைவுகளின் பழைய படிகளும் பின்னாளில் சான்றாக நிற்கும்.

தமிழர் பெயர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. நமக்குக் குடும்பப் பெயர் இல்லை, முன்னெழுத்து உண்டு. படிவமோ கடைசிப் பெயரைக் கட்டாயமாகக் கேட்கிறது. ஒரு கட்டுரையில் தந்தை பெயரும் மற்றொன்றில் ஊர்ப் பெயரும் அந்த இடத்தில் சென்றால், ஒரே ஆய்வாளர் இருவராகப் பதிவாகிவிடுவார். முதல் கட்டுரையிலேயே ஒரு வடிவத்தை முடிவு செய்து, இலவசமாகக் கிடைக்கும் 16 இலக்க ஆர்கிட் எண்ணையும் பெற்றுக்கொண்டால் இச்சிக்கல் தீரும்.

அனுப்புமுன்னும் பின்னும்

ஒரு நேரத்தில் ஓர் ஆய்விதழுக்கு மட்டுமே அனுப்பலாம் என்பது மீறக்கூடாத விதி. இதழின் எழுத்தாளர் வழிகாட்டியில் உள்ள சொல் வரம்பு, மேற்கோள் முறை, பட அளவு ஆகியவற்றைப் பின்பற்றாத கட்டுரை, மதிப்பாய்வாளரைச் சென்றடையாமலே திரும்பும். முகப்புக் கடிதம் ஒரு பக்கத்துக்குள் அடங்க வேண்டும்: கேள்வி என்ன, கண்டது என்ன, அந்த இதழின் வாசகருக்கு அது ஏன் வேண்டும். ஒப்புமைச் சோதனையையும் முன்கூட்டியே செய்துகொள்ள வேண்டும். மானியக் குழுவின் 2018 விதிகள் பத்து விழுக்காடு வரையிலான ஒப்புமைக்குத் தண்டனை விதிப்பதில்லை. அதைத் தாண்டினால் படிநிலைத் தண்டனைகள் தொடங்கும். ஆங்கில நடையைச் சீராக்கச் செயற்கை நுண்ணறிவுக் கருவியைப் பயன்படுத்தினால், இதழின் விதிப்படி அதைத் தெரிவிக்க வேண்டும். கருவியை ஆசிரியராகக் காட்ட முடியாது.

மதிப்பாய்வில் கட்டுரை அப்படியே ஏற்கப்படுவது மிக அரிது. ‘பெரும் திருத்தம் தேவை’ என்ற கடிதம் மறுப்பன்று, அது அழைப்பு. மதிப்பாய்வாளரின் ஒவ்வொரு கருத்தையும் எண்ணிட்டு, அதன் கீழே என்ன மாற்றினோம், எந்தப் பக்கத்தில் மாற்றினோம் என்று எழுத வேண்டும். உடன்படாத இடத்தில் சான்றுடன் மறுக்கலாம்; அதற்கு உரிமையுண்டு. மறுப்பே வந்தாலும், குறைகளைத் திருத்தி வேறோர் இதழுக்கு அனுப்புவதே உலகெங்கும் வழக்கம். இலண்டன் பொருளியல் பள்ளியில் அம்பேத்கர் சமர்ப்பித்த ‘ரூபாயின் சிக்கல்’ ஆய்வேடு 1923இல் முதலில் ஏற்கப்படவில்லை. அவர் அதைத் திருத்தி அவ்வாண்டு ஆகஸ்டில் மீண்டும் சமர்ப்பித்தார். நவம்பரில் அது ஏற்கப்பட்டது.

இவையனைத்தையும் தனி மாணவரின் விடாமுயற்சிக்கு விட்டுவிடுவது நீதியாகாது. ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர் நலப் பிரிவு, கட்டுரை எழுதும் பயிலரங்கை ஆண்டுதோறும் நடத்த வேண்டும். ஆசிரியர் வரிசை குறித்த முறையீட்டை நெறியாளரைச் சாராத குழு விசாரிக்க வேண்டும். வெளியீட்டுக் கட்டணத்துக்கு நிறுவன நிதி ஒதுக்க வேண்டும். ஆய்வு உதவித்தொகை மாதந்தோறும் வந்து சேர வேண்டும். மாணவர் அமைப்புகள் அடுத்த கோரிக்கை மனுவில் இந்நான்கையும் சேர்க்கலாம். அதுவரை, ஏற்கெனவே கட்டுரை வெளியிட்ட ஒவ்வொருவரும் தம் முகப்புக் கடிதத்தையும் மதிப்பாய்வுக்கு எழுதிய பதிலையும் இளையவர் ஒருவருக்கேனும் காட்டலாம்.