டாக்டர் வீட்டு விருந்தாளிகள்!

ஓசூர்க்காரர்களுக்கு ஹிப்-ஹாப் ஆல்பத்தைப் புரியவைப்பது ரொம்பச் சுலபம். சிப்காட் பக்கம் ரோட்டோரமாக நின்று, போகிற ஒரு டூ-வீலரைக் காட்டினால் போதும்.

டாங்க் மேலே ஒரே ஒரு கம்பெனியின் பெயர்தான் இருக்கும். உள்ளே? சீட் ஒரு ஷெட்டிலிருந்து வந்திருக்கும். ஒயரிங் இன்னொரு ஷெட்டிலிருந்து. பிரேக் கேபிள் எங்கோ ஒரு சந்துக்குள்ளிருந்து டாட்டா ஏஸில் ஏறி வந்திருக்கும். 1980-ல் டி.வி.எஸ். 50 இந்த ஊரிலிருந்து புறப்பட்ட நாளிலிருந்து இதுதான் எங்கள் பிழைப்பு. நான் வேலை பார்க்கும் ஷெட்டில் செய்வது ஒரு ஸ்பிரிங். விரல் நீளம்கூட இருக்காது. அது இல்லாவிட்டால் வண்டி நிற்காது. அது இருப்பது வண்டிக்காரருக்குத் தெரியாது!

அமெரிக்காவில் டாக்டர் ட்ரே என்று ஒருவர். (ஊசி போடுகிற டாக்டர் இல்லை.) 1999 நவம்பர் 16-ம் தேதி அவர் '2001' என்று ஓர் ஆல்பம் வெளியிட்டார். டாங்கில் அவர் பெயர். உள்ளே அத்தனையும் விருந்தாளிகள். ஸ்னூப் டாக், எமினெம், எக்ஸிபிட், கரப்ட், நேட் டாக், மேரி ஜே. பிளைஜ், எம்.சி. ரென், கிங் டி, டெவின் தி டியூட், ஹிட்மேன்... மூச்சு வாங்குகிறது, சார். கல்யாண மண்டபத்தில் மொய் நோட்டு வாசிப்பது மாதிரி இருக்கிறது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஹிப்-ஹாப்பில் 'ப்ரொட்யூசர்' என்றால் வெள்ளைச் சட்டை, தங்க வாட்சோடு ஷூட்டிங்குக்குப் பணம் எடுத்து வருகிறவர் இல்லை. தாளத்தைக் கட்டுவது அவர். டிரம் எத்தனை கனமாக விழ வேண்டும், பாஸ் எங்கே உறும வேண்டும், யார் பாடுவது, பாடினது போதுமா, திரும்பப் பாட வேண்டுமா... எல்லாம் அவர் முடிவு. நம்மூர் இசையமைப்பாளர், ஒலிப்பதிவாளர், குவாலிட்டி இன்ஸ்பெக்டர் மூன்று பேரையும் ஒரே சட்டைக்குள் திணித்தால் கிடைப்பவர்தான் ப்ரொட்யூசர்.

எனக்கு அந்த ஆல்பம் எப்படிக் கிடைத்தது என்பதில் பெரிய மர்மம் ஒன்றுமில்லை. எங்கள் ஊர் பாதி பெங்களூர். 2001-ல் அங்கே ரேடியோ சிட்டி ஆரம்பித்தார்கள். இந்தியாவின் முதல் தனியார் எஃப்.எம். ஜூஜூவாடி செக்போஸ்ட்டில் யாராலும் பர்மிட் கேட்க முடியாத ஒரே சரக்கு அதன் ஒலிபரப்புதான். ஓசூரில் ரூம் எடுத்துத் தங்கியிருந்த எங்கள் மாதிரிப் பசங்களுக்கு இங்கிலீஷ் பாட்டு அப்படித்தான் பழக்கம். மெஜஸ்டிக் நடைபாதையில் அம்பது ரூபாய்க்குக் கிடைத்த சி.டி.யில் மீதிப் பழக்கம்.

சரி, டாக்டர் கதைக்கு வருவோம். 1992 டிசம்பரில் அவர் போட்ட முதல் சோலோ ஆல்பம் 'தி க்ரானிக்'. கஞ்சாவுக்கு அந்த ஊர்ச் செல்லப் பெயர்! அதிலேயே ஸ்னூப் டாக் என்ற ஒல்லிப் பையனை ஊருக்கே அறிமுகப்படுத்திவிட்டார். அப்புறம் பங்காளியோடு சண்டை. டெத் ரோ என்ற அந்தக் கம்பெனியை விட்டு 1996-ல் வெளியே வந்து, ஆஃப்டர்மேத் என்று சொந்தக் கடை திறந்தார். கடையின் முதல் சரக்கு, பல பேரைப் பாடவைத்த ஒரு தொகுப்பு. விற்காமல் இல்லை, ஆனால் மனசில் நிற்கவில்லை. 'ஆள் முடிஞ்சுட்டார்' என்று பேச ஆரம்பித்தார்கள். 1999 பிப்ரவரியில் எமினெம் ஆல்பம் வந்து கடையைக் காப்பாற்றியது.

அடுத்ததாகத் தன் இரண்டாவது ஆல்பத்துக்கு 'க்ரானிக் 2000' என்று பெயர் வைக்கப் பார்த்தார். பழைய பங்காளி முந்திக்கொண்டு அதே பெயரில் ஒரு தொகுப்பை மே மாதமே இறக்கிவிட்டார்! நம்மூரில் 'அசல் நெய் மிட்டாய்க் கடை'க்குப் பக்கத்திலேயே 'ஒரிஜினல் அசல் நெய் மிட்டாய்க் கடை' திறப்பார்களே, அந்த ரகம். டாக்டர் அலட்டிக்கொள்ளவில்லை. ஒரு வருஷத்தைக் கூட்டி '2001' என்று போட்டுவிட்டார்.

முதல் வாரம் மட்டும் 5,16,000 பிரதிகள். பட்டியலில் இரண்டாம் இடம். கோர்ன் என்ற ராக் குழு முதலிடத்தில் உட்கார்ந்திருந்தது. ஒரே வருஷத்தில் அமெரிக்காவில் 60 லட்சம் பிரதிகளுக்கான சான்றிதழ். 2001-ல் ஆண்டின் சிறந்த ப்ரொட்யூசருக்கான கிராமி. விமர்சகர்கள் சப்தத்தைத் தலையில் தூக்கிவைத்து ஆடினார்கள். வார்த்தைகளைக் கேட்டு முகம் சுளித்தார்கள். இரண்டும் நியாயம். அதில் சில ட்ராக்குகளை வீட்டில் அம்மா இருக்கும்போது போட முடியாது. இங்கிலீஷ் தெரியாத அம்மாவாக இருந்தாலும் முடியாது. பெண்களைப் பற்றிப் பேசுவதெல்லாம் அத்தனை கீழ்த்தரம். அது வெறும் பாட்டுக்கான வேஷம் என்றும் தள்ள முடியவில்லை. 1991-ல் டீ பார்ன்ஸ் என்ற டி.வி. நிகழ்ச்சித் தொகுப்பாளரை அவர் தாக்கியது கோர்ட் வரை போனது. தன்னால் காயப்பட்ட பெண்களிடம் அவர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது 2015-ல்.

போன மாதம் எங்கள் டெஸ்பாட்ச் தம்பி ஷிஃப்ட் பஸ்ஸில் போனில் 'ஸ்டில் டி.ஆர்.ஈ.' போட்டுக்கொண்டு வந்தான். அவன் பிறப்பதற்கு முன்னால் வந்த பாட்டு!

"அண்ணா, இந்த பியானோ டாக்டர் ட்ரே வாசிச்சதுதானே?"

"இல்லப்பா, ஸ்காட் ஸ்டார்ச்னு ஒருத்தர்."

"பாட்டு எழுதினது?"

"ஜே-ஸி."

"கோரஸ்ல வர்றது?"

"ஸ்னூப் டாக்."

"பீட்டாவது அவரே போட்டாரா?"

"அதுலயும் மெல்-மேன்னு ஒரு கூட்டாளி உண்டு."

தம்பி கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தான். "அப்ப டாக்டர் என்னதாண்ணா பண்ணாரு?"

நியாயமான கேள்வி. அதிலும் அந்தப் பாட்டு என்ன சொல்கிறது என்றால், 'நான் இன்னும் அதே பழைய ஆள்தான்' என்று டாக்டர் மார்தட்டுகிறார். தட்டுவதற்கான வார்த்தைகளை நியூயார்க்கில் இருந்த வேறொருவர் எழுதிக் கொடுத்திருக்கிறார்! ஆனால் நாம் இதற்குச் சிரிக்கக் கூடாது. வாத்தியார் சாட்டையைச் சுழற்றிக்கொண்டு பாடியதெல்லாம் வாலி எழுதி டி.எம்.எஸ். பாடியதுதானே? தியேட்டரில் யாராவது எழுந்து ரசீது கேட்டார்களா?

பஸ் ஸ்பீக்கரே தம்பிக்குப் பதில் சொன்னது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த பியானோ பாட்டு முழுக்க மாறாமல் ஓடுகிறது. அதன் கீழே டிரம்மும் பாஸும். கூட்டம் கிடையாது, நெரிசல் கிடையாது. ஒவ்வொரு சப்தத்துக்கும் நடுவே காலி இடம். அந்த அடி விழும்போது இருபத்தைந்து வருஷம் கழித்தும் சீட் அதிர்கிறது. எக்ஸிபிட்டின் கரகரப்பு, நேட் டாக்கின் இழுவை, எமினெமின் படபடப்பு, இந்த மூன்றையும் ஒரே வீட்டில் சண்டையில்லாமல் குடிவைத்தது டாக்டர் வேலை. அசெம்பிளி வேலைதான். ஆனால் அசெம்பிளி சுலபம் என்று எங்கள் ஊரில் யாரும் சொல்லமாட்டார்கள்.

இப்போது என் தொழில் புத்தி ஒன்றைக் கவனித்தது. வண்டியில் போகிற பாகங்களிலும் இரண்டு சாதி உண்டு. டயரைப் பாருங்கள், செய்த கம்பெனி பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். ஸ்பார்க் பிளக்கிலும் அப்படித்தான். எங்கள் ஸ்பிரிங்கில் எதுவும் இருக்காது. ஆல்பத்திலும் அதே கதை. ஸ்னூப்பும் எமினெமும் டயர்கள். அவர்கள் பெயருக்காகவே வண்டி விற்கும்.

ஸ்பிரிங் யார்? ஹிட்மேன்.

'2001'-ஐ எடுத்துக் கேளுங்கள். ஏறக்குறையப் பாதிப் பாட்டுகளில் இந்த மனிதர் குரல் வருகிறது. எழுதியும் கொடுத்திருக்கிறார். அடுத்தது அவருடைய சொந்த ஆல்பம் ஆஃப்டர்மேத்திலிருந்து வரும் என்பது ஏற்பாடு. வரவில்லை. 2005-ல் ஓர் ஆல்பத்தைக் கம்பெனி துணையில்லாமல் தானே வெளியிட்டார். எக்ஸிபிட்டுக்கு மட்டும் அடுத்த வருஷமே டாக்டர் மேற்பார்வையில் பெரிய ஆல்பம் அமைந்தது. 2022 பிப்ரவரி 13 அன்று சூப்பர் பவுல் மைதானத்தில் டாக்டர், ஸ்னூப், எமினெம், மேரி ஜே. பிளைஜ், கெண்ட்ரிக் லமார், 50 சென்ட் எல்லாரும் சேர்ந்து ஆடினார்கள். கோடிக்கணக்கான பேர் டி.வி.யில் பார்த்தார்கள். அந்த மேடையில் ஹிட்மேன் இல்லை. இதைச் சொன்னபோது தம்பி, "காண்ட்ராக்ட் லேபரா, அண்ணா?" என்றான். அவனே காண்ட்ராக்ட்தான்.

விருந்தாளிகளுக்கு இந்தக் கதி என்றால், அழைக்காமலே இழுத்து வரப்பட்டவர்கள் கதி? 2002-ல் அதே ஆஃப்டர்மேத்திலிருந்து ட்ரூத் ஹர்ட்ஸ் என்ற பாடகியின் 'அடிக்டிவ்' வந்தது. அமெரிக்காவின் டாப் 10-க்குள் போன பாட்டு. ப்ரொட்யூசர் டி.ஜே. குவிக். அதில் பின்னணியில் ஓடுவது யார் குரல் தெரியுமா? நம்ம லதா மங்கேஷ்கர்! 1981-ல் வந்த 'ஜோதி' இந்திப் படத்துக்கு பப்பி லஹரி போட்ட பாட்டு. கேட்கவும் இல்லை, பெயர் போடவும் இல்லை. லஹரி வழக்குப் போட்டார். அவர் பெயரைப் போடாமல் அந்த ஆல்பத்தை மேற்கொண்டு விற்கக் கூடாது என்று 2003-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் கோர்ட் உத்தரவு போட்டது. அதே வருஷம் '2001' ஆல்பத்திலும் ஒரு பாட்டின் பாஸ் மெட்டு இன்னொரு பழைய பாட்டினுடையது என்று ஜூரி தீர்ப்புச் சொல்லி, 15 லட்சம் டாலர் கட்டச் சொன்னது. ஸ்பிரிங்கும் கோர்ட்டுக்குப் போனால் ஜெயிக்கலாம் போலிருக்கிறது!

நம்மூருக்கு இந்த வியாதி வராமலிருக்குமா? 2021 மார்ச் 7. 'எஞ்சாய் எஞ்சாமி'. ப்ரொட்யூசர் சந்தோஷ் நாராயணன், வெளியிட்டது மாஜா நிறுவனம். டாங்கில் தீ பெயர். பக்கத்தில் சின்னதாக ஓர் 'ஃபீச்சரிங்', அதற்குப் பின்னால் அறிவு. ஆனால் பாட்டின் வரிகள் அறிவுடையவை. அந்தப் பாட்டில் வருவது இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய அவருடைய பாட்டி வள்ளியம்மாளின் கதை. யூ-ட்யூபில் 40 கோடிக்கு மேல் பார்த்தார்கள். எங்கள் ஊரில் ஆயுதபூஜைக்கு லேத்துக்குப் பொட்டு வைக்கும்போதுகூட அதுதான் ஓடியது.

அப்புறம்தான் வந்தது வினை. 2021 ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' இதழ் அட்டையில் தீயும், 'நீயே ஒளி' பாடிய ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள். இரண்டு பாட்டிலும் பங்குள்ள அறிவு இல்லை. இயக்குநர் பா. இரஞ்சித் பகிரங்கமாகக் கேள்வி கேட்டார். பிறகு அறிவுக்கு டிஜிட்டலில் தனி அட்டை வந்தது. 2022 ஜூலை 28 அன்று சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா. பாட்டை மேடையில் தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் பாடினார்கள். அறிவு அப்போது அமெரிக்காவில். சில நாளில் அவர் எழுதினார்: மெட்டும் வரியும் யாரும் எனக்குக் கொடுத்ததல்ல, நானே உருவாக்கியது என்பது சாரம். இசையும் தயாரிப்பும் தன்னுடையது, வருமானமும் உரிமையும் மூவருக்கும் சமம் என்று சந்தோஷ் நாராயணன் பதில் எழுதினார். டீக்கடையில் இரண்டு கட்சி.

எங்கள் தொழிலில் இதற்கு ஒரே கேள்விதான் கேட்போம். டிராயிங் யாருடையது? கம்பெனி டிராயிங் கொடுத்து நாங்கள் செய்தால் அது கம்பெனிப் பாகம். வாயைத் திறக்க மாட்டோம். டிராயிங்கே செய்தவனுடையது என்றால் பாகத்தின் மேல் அவன் முத்திரை இருந்தே ஆக வேண்டும். வள்ளியம்மாள் கதையின் டிராயிங் எந்த ஸ்டுடியோவிலும் போட்டதல்ல என்பது என் கட்சி. சந்தோஷ் நாராயணனின் தாளம் இல்லாமல் அது 40 கோடிக் காதுக்குப் போயிருக்காது என்பதும் என் கட்சிதான். ரெண்டு பெயரையும் ஒரே அளவு எழுத்தில் போட்டிருந்தால் என்ன செலவாகியிருக்கும்?

செலவு என்றதும் ஞாபகம் வருகிறது. 2024 மார்ச்சில், பாட்டுக்கு மூன்று வயதானபோது, சந்தோஷ் நாராயணன் ஒரு வீடியோவில் வந்தார். அந்தப் பாட்டிலிருந்து தங்களில் யாருக்கும் ஒரு ரூபாய்கூட வந்து சேரவில்லை என்றார். அது அவர் சொன்ன கணக்கு. அந்தக் கணக்குப்படி பார்த்தால், இத்தனை நாள் டயரும் ஸ்பிரிங்கும் யார் பெயர் பெரிசு என்று மல்லுக்கு நிற்க, பில் பாஸாகவே இல்லை!

அதே 2024-ல் அறிவின் சொந்த ஆல்பம் வந்தது. பஸ்ஸில் தம்பிதான் போனை நீட்டிக் காட்டினான். தலைப்பு, 'வள்ளியம்மா பேராண்டி'.

"பாட்டி பேருதான் மொதல்ல இருக்குண்ணா" என்றான் தம்பி. சத்தத்தைக் கூட்டினான்.